சித்தப்பா என்றொரு மரபணு

உறவுக்காரர்கள் யாராவது என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால், முகத்தை மாற்றாமல் “ஈ ஓட்டறேன்” என்பார் அவர். கேட்டவர்கள் பாவப்பட்டு, தங்களுக்குத் தெரிந்த அலுவலகங்களில் சொல்லி வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவரும் ரொம்ப உதவியாக இருக்கும் என்று தலையாட்டுவார்.

உண்மையில் அவர் ஓட்டியது ஈதான். பழத்தின் மேல் மொய்க்கும், கடுகளவு பழ ஈ. அதன் மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் படிக்கும் மூலக்கூறு மரபியலை எங்கள் நாட்டில் முதன்முதலில் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். ஆய்வு நிலையத்துக் காவலாளி வைத்த பெயர் ஈக்காரம்மா. கடைசியில் இயக்குநர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் ஈக்காரம்மாதான்.

நான் வேதியியல்காரன். அவருடைய ஆய்வகத்துக்கும் என்னுடையதற்கும் நடுவே இருந்தது ஒரு பலகைச் சுவர். அதில் விரல் நுழையும் அளவுக்கு இடுக்குகள். அவர் சிரிப்பும் அவர் ஈக்களும் அது வழியாக என் பக்கம் வந்துகொண்டே இருந்தன. ஆகவே இந்தக் கதையில் பாதி நான் பார்த்தது, பாதி அவர் சொன்னது. அவர் சொன்னதில் கொஞ்சம் மிகை இருக்கலாம். நான் குறைக்க முயலவில்லை.

அவருடைய அப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அம்மா தையல்காரர். வீட்டில் இன்னும் இரண்டு பேர்: அப்பாவின் தம்பியும் அவர் மனைவியும், அதாவது சித்தப்பாவும் சித்தியும். சித்தப்பா ஓர் அரசு அலுவலகத்தில் லிஃப்ட் இயக்குபவர். உட்கார்ந்தால் தூங்குவார், சாய்ந்தால் தூங்குவார், முடி வெட்டிக்கொள்ளும்போது தூங்கி ஒரு பக்கக் கிருதாவை இழந்தவர். ஒருமுறை அலுவலகத்தின் பெரிய அதிகாரியை ஏற்றிக்கொண்டு, பொத்தானில் கைவைத்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். அதிகாரி மேலும் கீழுமாக ஊர்வலம் போய், தரைத்தளத்திலேயே இறங்கி, படியேறித் தன் அறைக்குப் போனாராம்.

வீட்டில் எல்லோரும் இதைக் குறையாகப் பார்த்தார்கள். சிறுமியாக இருந்த ஈக்காரம்மா மட்டும் இதை வாய்ப்பாகப் பார்த்தார். தூங்கும் சித்தப்பாவின் காதருகே தட்டத்தைத் தட்டினார். அசைவில்லை. மூக்கில் நூலை விட்டார். மூக்கு மட்டும் சுளித்தது. பக்கத்து வீட்டு நாயைக் கொண்டுவந்து விட்டார். நாய் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் காலடியில் சுருண்டு தூங்கிவிட்டது. பிறகு ஒருநாள், சமையலறை வாசலில் நின்றுகொண்டு, கிசுகிசுவென்று, “சாப்பாடு ரெடி” என்றார். சித்தப்பா எழுந்து கை கழுவப் போனார்.

“அவர் காது தூங்கலம்மா. எதுக்கு எழுந்திருக்கணும்னு உள்ள யாரோ உட்கார்ந்து முடிவு பண்றாங்க” என்று அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னார்.

“அந்த யாரோகிட்ட, வர வழியில பால் வாங்கிட்டு வரச் சொல்லு” என்றார் அம்மா, தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

உள்ளே உட்கார்ந்து முடிவெடுக்கும் அந்த யாரோ யார் என்பதைத்தான் அவர் பிறகு ஆயுள் முழுக்கத் தேடினார். வெளிநாட்டுக்குப் போய் மரபியல் படித்தார். அங்கேயே இருந்துவிடச் சொன்ன பேராசிரியரிடம், “இங்க யாரும் என் கண்ணு முன்னால தூங்க மாட்டேங்கறாங்க சார்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

எங்கள் ஆய்வு நிலையத்தில் அவருக்குக் கொடுத்த இடம் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த கிடங்கு. நாற்காலிகளை யார் எடுப்பது என்பதில் இரண்டு பிரிவுகளுக்குள் தகராறு இருந்ததால், அவை அப்படியே கிடந்தன. அவர் அவற்றைக் கூரை வரைக்கும் அடுக்கி, நாற்காலிக் கால்களுக்கு நடுவே கண்ணாடிக் குப்பிகளைச் செருகி வைத்தார். ஒவ்வொரு குப்பிக்குள்ளும் கூழும் ஈக்களும். பழக்கடைக்காரரிடம் கேட்டு, விற்காமல் கறுத்துப்போன வாழைப்பழங்களை வாங்கி வருவார். மொத்தக் கட்டடமும் புளித்த வாடை அடித்தது.

இயக்குநர் ஒரு நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு ஈ ஆகாது. ஒருநாள் அவருடைய தேநீரில் இரண்டு ஈக்கள் மிதந்தன. கோப்பையை ஏந்திக்கொண்டே கிடங்குக்கு வந்துவிட்டார்.

“மேடம், இதுக்கு என்ன சொல்றீங்க?”

ஈக்காரம்மா கோப்பைக்குள் உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “சார், வெள்ளைக்கண் ஈ! நாலு நாளா இதைத்தான் தேடிட்டு இருந்தேன். குடிச்சிடாதீங்க, இருங்க” என்று சிறிய தூரிகையால் இரண்டையும் எடுத்து உலர வைத்தார். இயக்குநர் கோப்பையை என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே வைத்துவிட்டுப் போனார். மறுவாரம் ஜன்னல்களுக்குக் கம்பிவலை வந்தது. தான் முன்பே கேட்டிருந்தது அதைத்தான் என்று ஈக்காரம்மா என்னிடம் பிறகு சொன்னார். தேநீரில் ஈ தானாக விழுந்ததா என்று நான் கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை.

ஈ தூங்குகிறதா, சும்மா உட்கார்ந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தட்டிப் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான குப்பிகளைக் கையால் தட்ட முடியுமா? அதற்கான கருவி வெளிநாட்டில் இருந்தது, எங்களிடம் இல்லை. அப்பாவிடம் போய் நின்றார். அப்பா கழித்துப்போட்ட பேருந்தின் கண்ணாடி துடைப்பான் மோட்டாரைக் கொண்டுவந்து, ஒரு பலகையில் பூட்டி, மேலே குப்பித் தட்டை வைத்துக் கொடுத்தார். சுவிட்சைப் போட்டதும் தட்டு இடமும் வலமுமாக ஆடியது.

“ஏம்மா, மழைக்குத் துடைக்கற மோட்டாரும்மா இது. இதை வெச்சு ஈயைத் தொட்டில்ல போட்டு ஆட்டப் போறியா?”

“இல்லப்பா, எழுப்பப் போறேன். எழுந்திருக்காத ஈதான் எனக்கு வேணும்.”

“அதுக்கு உன் சித்தப்பாவைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே” என்றார் அப்பா.

சர்க்கரைத் தண்ணீரில் ஒரு ரசாயனத்தைக் கலந்து ஆண் ஈக்களுக்குக் கொடுத்தார். அது மரபணுக்களில் அங்கங்கே எழுத்தை மாற்றிவிடும். அந்த ஈக்களின் பேரப்பிள்ளைகளைப் பலகையில் வைத்து ஆட்டினார். பெரும்பாலான ஈக்கள் ஆட்டிய உடனே பறந்தன. மாதக்கணக்கில் இந்தக் கடகட சத்தத்தைச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டு நான் என் வேதியியலைப் பார்த்தேன். ஒரு மத்தியானம் சத்தம் நின்றது. இடுக்கு வழியாக அவர் குரல் வந்தது.

“வேதியியல், ஓடி வாங்க!”

ஓடினேன். ஒரு குப்பியில் ஈக்கள் எல்லாம் கூழில் முகம் கவிழ்ந்து கிடந்தன. ஆட்டினார், அசையவில்லை. கறுத்த வாழைப்பழத்தை வாயருகே காட்டினார். அதற்கும் அசையவில்லை. செத்துவிட்டன என்றேன் நான். “பொறுங்க” என்றார். கொஞ்ச நேரம் கழித்து ஓர் ஈ தானாக எழுந்தது, கால்களைத் தேய்த்துக்கொண்டது, இரண்டு வாய் கூழ் தின்றது, தின்ற இடத்திலேயே மறுபடி சாய்ந்தது.

ஈக்காரம்மா நாற்காலிக் குவியலில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். “இதுக்குப் பேரு வேற யோசிக்கவே வேண்டாம்” என்றார்.

புதிய மரபணுவைக் கண்டுபிடிப்பவரே பெயர் வைக்கலாம் என்பது ஈ ஆராய்ச்சிக்காரர்களின் வழக்கம். அந்த மரபணுவைக் கையில் பிடிக்கத்தான் வருடங்கள் ஆயின. சுருள் சிறகு ஈ, வெள்ளைக்கண் ஈ என்று ஒவ்வொன்றோடும் தூங்குமூஞ்சி ஈயைக் கலந்து, பிறந்தவற்றை எண்ணி, மரபணு எந்தத் தெருவில் இருக்கிறது, எந்தச் சந்தில் இருக்கிறது என்று நெருங்கிப் போனார். பிறகு அந்தச் சந்திலிருந்த டிஎன்ஏவை வெட்டி எடுத்துப் படித்தார். எக்ஸ்ரே படத்தில் ஏணிப்படி போலக் கறுப்புக் கோடுகள் விழும். அவற்றைக் கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும். ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. கல் என்று இருக்க வேண்டிய இடத்தில் பல் என்று இருப்பது மாதிரி. விழித்திரு என்ற செய்தியை மூளையில் வாங்கிக்கொள்ளும் ஒரு புரதம், அந்த ஓர் எழுத்தால் உருக்குலைந்து போயிருந்தது. பிழையில்லாத மரபணுவை, முடியை விட மெல்லிய கண்ணாடி ஊசியால் ஈயின் முட்டைக்குள் செலுத்தினார். அந்த முட்டைகளிலிருந்து வந்த ஈக்கள், பலகையை லேசாகத் தொட்டாலே பறந்தன. உள்ளே உட்கார்ந்திருந்த யாரோ அகப்பட்டுவிட்டார்.

கட்டுரையை வெளிநாட்டு ஆய்விதழுக்கு அனுப்பினார். ஆசிரியருக்கு எல்லாமே பிடித்திருந்தது, ஒரு சந்தேகம் தவிர: ‘சித்தப்பா’ என்றால் என்ன? ஈக்காரம்மா அனுப்பிய பதிலை எனக்கும் காட்டினார்: ‘எங்கள் மொழியில் ஆழ்ந்த தூக்கத்தைக் குறிக்கும் கலைச்சொல்.’ அப்படியே அச்சாகிவிட்டது. உலகமெங்கும் ஆய்வாளர்கள் நாக்கைச் சுழற்றி அந்தச் சொல்லைச் சொல்லிப் பழகினார்கள்.

சித்தப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. லிஃப்டில் ஏறியவர்கள் தப்பிக்க வழியில்லாமல் அதைக் கேட்டார்கள். “உலகத்துல எவனுக்காவது அவன் பேருல மரபணு இருக்கா சார்? எனக்கு இருக்கு!” அது என்ன செய்யும் என்று யாரோ கேட்கவும்தான், தனக்கே தெரியாது என்பது அவருக்கு உறைத்தது. விடுமுறை நாளில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தார்.

“இதுல எது என் ஈ?”

“இந்தத் தட்டு முழுக்க உங்களோடதுதான் சித்தப்பா.”

அவர் குனிந்து பார்த்தார். “ஒண்ணும் பறக்கலையே. உயிரோடதான் இருக்கா?”

“தூங்குது.”

“சரி, எழுந்ததும் என்ன பண்ணும்?”

“சாப்பிடும்.”

“அப்புறம்?”

“திரும்பத் தூங்கும்.”

சித்தப்பா நிமிர்ந்தார். அவர் முகத்தில் விஷயம் மெதுமெதுவாகப் புரிந்து வருவதை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

“உன் சித்திக்கு இது தெரியுமா?”

“பேரைக் கேட்டதும் அதையே வெக்கச் சொன்னது சித்திதான்.”

சித்தப்பா கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு ஒரு நாளிதழில் செய்தி வந்தது, அவர் லிஃப்டில் உட்கார்ந்திருக்கும் படத்தோடு. படத்தில் அதிசயமாக விழித்திருந்தார். கோபம் போய்விட்டது.

ஈக்காரம்மாவும் விடவில்லை. அடுத்தடுத்துக் கண்டுபிடித்தவற்றுக்கும் உறவுக்காரர்களின் பெயர்தான். சித்தி என்ற மரபணு போனால் ஈ தூங்கவே தூங்காது. அத்தை என்ற மரபணு போனால் விடியும் முன்பே எழுந்து மற்ற ஈக்களையும் எழுப்பிவிடும். குடும்பத்தில் யாரும் அவரிடம் வாயைக் கொடுக்கப் பயந்தார்கள்.

இந்த விளையாட்டெல்லாம் ஈயோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மனிதர்களிடமும் அதே மரபணு இருந்தது. வேறொரு நாட்டில் அதைக் கண்டுபிடித்தவர்கள், ஈயின் பெயரையே மனித மரபணுவுக்கும் வைத்துவிட்டார்கள்.

ஒருநாள் அவருக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் மருத்துவர். இளைஞர், குரலில் பதற்றம்.

“மேடம், ஒரு சின்னப் பொண்ணு. விளையாடிட்டு இருக்கும்போதே தூங்கிடறா. போன மாசம் படியில ஏறும்போது தூங்கி விழுந்து கை உடைஞ்சிருக்கு. ரத்தத்தைச் சோதிச்சோம். உங்க மரபணுலதான் பிழை.”

“சரி.”

“அதை நான் அவங்க அப்பா அம்மாகிட்ட சொன்னேன் மேடம். ‘உங்க குழந்தைக்குச் சித்தப்பாவுல குறை இருக்கு’ன்னு.”

ஈக்காரம்மா தொலைபேசியை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

“அவங்க வீட்லயே ஒரு சித்தப்பா இருக்காரு மேடம். அந்தப் பொண்ணோட அப்பாவுக்குத் தம்பி. அவர்கிட்டேருந்துதான் நோய் வந்ததுன்னு வீட்ல பெரிய சண்டையாம். அவர் வீட்டை விட்டே போயிட்டாராம். நான் எவ்வளவோ விளக்கிச் சொல்லிட்டேன். அறிக்கையில அப்படித்தானே போட்டிருக்குன்னு கேக்கறாங்க.”

அன்றைக்குச் சுவரின் மறுபக்கத்திலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். மேசையில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “ஈக்குத்தானேன்னு வெச்சேன்” என்றார். மறுநாள் காலை என்னையும் சித்தப்பாவையும் இழுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குக் கிளம்பினார். நான் எதற்கு என்றேன். “நான் அடி வாங்கினா தூக்கிட்டு வர ஆள் வேணும்ல?” என்றார். ஆனால் சிரிக்கவில்லை.

மாடிக் குடியிருப்பு. சிறுமியின் அப்பா கதவைத் திறந்தார். தட்டச்சுப் பள்ளி நடத்துபவர், விறைப்பான ஆள்.

“நீங்க யாரு?”

“உங்க வீட்ல சண்டை மூட்டிவிட்டவ நான்தான். உள்ள வரலாமா?”

உள்ளே போனோம். சிறுமியின் அம்மா சமையலறை வாசலில் நின்றார். சோபாவில் கையில் கட்டோடு அந்தப் பெண், ஆறேழு வயதிருக்கும், எங்களை ஆர்வமாகப் பார்த்தாள். ஈக்காரம்மா நடந்ததைச் சொன்னார், ஈயிலிருந்து தொடங்கி. சித்தப்பா என்பது வெறும் பெயர், தன்னுடைய சித்தப்பாவைக் கிண்டல் செய்ய வைத்த பெயர் என்றார். “இவர்தான் அந்தச் சித்தப்பா” என்று அவரை முன்னால் தள்ளினார்.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இவரா? இவரை நாங்க பார்த்ததுகூட இல்லையே. இவர்கிட்டேருந்து எப்படி வந்துச்சு?”

“ஐயோ, நான் ஒண்ணும் பண்ணலம்மா” என்றார் சித்தப்பா பதறி. “நான் லிஃப்ட் ஓட்டறவன்!”

ஈக்காரம்மா மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை பொறுமையாக. ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கிறது, அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. உங்கள் இருவரிடமும் ஒரு நல்ல பிரதியும் ஒரு பிழைப் பிரதியும் இருக்கின்றன, அதனால் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. குழந்தைக்கு இரண்டு பக்கமிருந்தும் பிழைப் பிரதி வந்துவிட்டது.

“அப்ப என் தம்பி?”

“உங்க தம்பிக்கு இதுல பங்கே இல்ல சார்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “குழந்தையைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சதாலதான் ஒட்டிக்கிச்சுன்னு அவனே நினைச்சுட்டு இருக்கான்” என்றார் மெதுவாக. “நானும் இல்லன்னு சொல்லல.”

அம்மாவின் கோபம் அடங்கவில்லை. “எங்க பொண்ணு நோய் உங்களுக்கு விளையாட்டாப் போச்சா? பேரு வெக்கறதுக்கு முன்னால யோசிக்க மாட்டீங்களா?”

எந்தக் கேள்விக்கும் ஒரு பதிலடி வைத்திருக்கும் ஈக்காரம்மாவை நான் அன்றுதான் தலைகுனிந்து நிற்கப் பார்த்தேன். “யோசிக்கலம்மா. தப்புதான். பேரை மாத்தறேன். ஆனா அதை விட முக்கியம், இதுக்கு மருந்து தேடறேன். அது முடியுமான்னு இப்ப சொல்ல முடியாது.”

அப்போது ஒரு குறட்டை கேட்டது. சித்தப்பா சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார், பக்கத்தில் அவர் கையில் சாய்ந்து சிறுமியும். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அப்பா எழுந்து போய்த் தம்பிக்குத் தொலைபேசி செய்தார். “டேய், வீட்டுக்கு வாடா” என்றார்.

திரும்பும் வழியில் சித்தப்பா தன் ரத்தத்தையும் சோதிக்கச் சொல்லி அடம்பிடித்தார். “அந்தப் பொண்ணுக்கு இருக்கறதுதான் எனக்கும். இத்தனை வருஷம் எல்லாரும் என்னைச் சோம்பேறின்னு திட்டினீங்களே!” ஈக்காரம்மாவும் சோதித்தார். முடிவைச் சொல்ல அவரை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டார்.

“ஒரு எழுத்துகூட மாறல சித்தப்பா. உங்க மரபணு தங்கமா இருக்கு.”

“அப்ப நான் ஏன் தூங்கறேன்?”

“என் ஈ வாழைப்பழத்தைக் காட்டினாலும் எழுந்திருக்காது. நீங்க சாப்பாடுன்னு சொன்னா எழுந்திருப்பீங்க. எனக்கு அப்பவே புரிஞ்சிருக்கணும்.”

சித்தப்பா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். “இதை உன் சித்திகிட்ட சொல்லாத. சோம்பேறித்தனத்துக்குன்னு தனியா ஏதாவது கண்டுபிடிச்சா, அதுக்கு வேற யார் பேரையாவது வை.”

பெயர் மாற்றத்தான் ஈக்காரம்மா படாதபாடு பட்டார். சர்வதேசக் குழு ஈயின் மரபணுப் பெயரை மாற்ற மறுத்துவிட்டது. உலகம் முழுக்கப் பழகிவிட்டது, அழகான சொல் என்றார்கள். தான் எழுதிய கலைச்சொல் விளக்கத்தைத் தானே பொய் என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகும் அவர்கள் அசையவில்லை. மனித மரபணுவுக்கு மட்டும் எழுத்தும் எண்ணுமாக ஓர் உப்புச்சப்பில்லாத பெயர் கிடைத்தது. அந்தப் பெயரை அவரால் கடைசி வரை மனப்பாடம் செய்ய முடியவில்லை.

மருந்துக்குப் பல வருடங்கள் ஆயின. உருக்குலைந்த புரதத்தை நிமிர்த்தி நிறுத்தும் பொருளைத் தேடி, ஒன்று மாற்றி ஒன்றாகக் கூழில் கலந்து ஈக்களுக்கு ஊட்டினார். அவற்றில் பலவற்றைத் தயாரித்துக் கொடுத்தவன் நான். இடுக்கு வழியாகவே குப்பியை நீட்டுவேன். ஒன்று ஈயிடம் வேலை செய்தது. அதைத் திருத்தித் திருத்தி, வேறு பலர் கைக்குப் போய், மனிதர்களுக்கான மாத்திரையாக வந்தது. முழுக்கக் குணமாக்கவில்லை. பகலில் பெரும்பகுதி விழித்திருக்க வைத்தது.

அந்தச் சிறுமி இப்போது வானொலியில் அதிகாலைச் செய்தி வாசிக்கிறாள். ஸ்டூடியோவுக்குத் தினமும் அழைத்துப் போவது அவளுடைய சித்தப்பாதான். அவள் வாசிக்கும் நேரமெல்லாம் கண்ணாடிக்கு வெளியே, கண்ணிமைக்காமல் நின்றுகொண்டிருப்பாராம். நான் நடைக்குக் கிளம்பும்போது அவள் குரலைக் கேட்பேன், தெளிவான, நிதானமான குரல். ஓய்வு பெற்ற ஈக்காரம்மாவிடம் ஒருநாள் அதைப் பற்றிக் கேட்டேன்.

“ரொம்ப நல்லா வாசிக்கறாளாம், எல்லாரும் சொல்றாங்க” என்றார். “அந்த நேரத்துக்கு எவன் எழுந்திருப்பான்?”